கோட்டை வாசலில் சொன்ன சொல்

மதலேனின் வாய் ஊரறிந்த வாய். கோட்டைக்குப்பத்தில் அவள் மீன்கூடையைத் தலையில் தூக்கினாளென்றால், கூடை தெருமுனைக்கு வருவதற்குள் அவள் குரல் பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்கே போய்விடும். கெட்டவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிரசவ வீட்டுக்கு முதலில் ஓடுகிறவள் அவள், சாவு வீட்டில் கடைசியாக எழுந்து போகிறவளும் அவள். ஆனால் அந்த நாக்கு இருக்கிறதே, அம்மாடி! நல்லதுக்கும் கெட்டதுக்கும் அதற்கு ஒரே வேகம். அதிலும் ஆணையிடுவது அவளுக்கு வெற்றிலை மெல்லுகிற மாதிரி. "மாதா மேல ஆணை, இப்பத்தான் வலையிலேந்து எடுத்தது" என்பாள். அந்த மீன் முந்தாநாளே செத்துப் போயிருக்கும்.

மாதத்துக்கு ஒருமுறை மயிலாப்பூரிலிருந்து ஒரு உபதேசியார் வருவார். பெயர் சந்தியாகு, மீசை சரியாக முளைக்காத ஆள். குப்பத்தில் இருந்த பத்துப் பன்னிரண்டு கிறிஸ்தவ வீடுகளுக்கும் செபம் சொல்லிக்கொடுத்துவிட்டு இரண்டு நாளில் போய்விடுவார். அவர் ஒருநாள் மதலேனைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, ஒரு கூடை மீன் விக்கிறதுக்கு மாதாவை இன்னாத்துக்கு சாட்சிக்கு இழுக்கிறீங்க? ஞானஸ்நானம் தலைக்கு மட்டும் இல்ல, நாக்குக்கும் சேத்துத்தான். உள்ளதை உள்ளதுன்னு சொல்லுங்க, இல்லாததை இல்லைன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு சொல் கூட்டினாலும் அது நம்ம ஆண்டவர் குடுத்த சொல் இல்ல."

"அப்படியா சாமி? நாளைக்கு நீயே கூடையைத் தூக்கினு போய் உள்ளதை உள்ளதுன்னு சொல்லி வித்துட்டு வா. சாயங்காலம் உனக்குக் கஞ்சி யார் ஊத்துறாங்கன்னு பாக்கலாம்" என்றாள் மதலேன். சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். உபதேசியார் காது சிவந்து போய்ச் செபத்தை ஆரம்பித்தார்.

காலம் சிரிக்கிற காலமாக இல்லை. கோட்டையில் ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்கள், தெற்கே மயிலாப்பூரில் பரங்கியர் என்கிற போர்த்துக்கீசியர்கள். இரண்டு பேருக்கும் தீராத சண்டை. இரண்டு பேரும் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஒருவர் கப்பலை ஒருவர் கொளுத்தினார்கள். மாதாவைக் கும்பிடுகிறவன் என்றாலே, இவன் பரங்கிக்கு வேண்டியவனோ என்று கோட்டைக்காரர்கள் ஒரு கண்ணால் பார்ப்பார்கள். அதனால் குப்பத்துக் கிறிஸ்தவர்கள் சிலுவையை வீட்டுக்குள்ளே வைத்துக்கொண்டு, வெளியே வாயை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். மதலேனைத் தவிர.

ஏரிக்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. கடலும் ஏரியும் கலக்கிற முகத்துவாரத்தில் அமாவாசையை ஒட்டி இறால் ஓடும். அங்கே எல்லோரும் வலை கட்ட முடியாது. முறை போட்டுத்தான் கட்டவேண்டும். அந்த முறைக்குப் பெயர் பாடு. குப்பத்துச் சாமி முன்னால் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன வீட்டுக்கு என்று முடிவு செய்வார்கள். மாதாவைக் கும்பிடுகிற வீடானாலும் மாரியைக் கும்பிடுகிற வீடானாலும் சீட்டு ஒன்றுதான். பாடு வந்த வீட்டுக்காரன் பொழுது கிளம்புவதற்குள் போய்த் தன் வலைக்கழியை நட்டாகவேண்டும். சூரியன் விளிம்பு தெரிந்த பிறகு வந்தால் அவன் பாடு போச்சு, வரிசையில் அடுத்த வீட்டுக்காரன் நட்டுக்கொள்ளலாம். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். மறுபடி முறை வர ஆறு மாதம் ஆகும்.

போன அமாவாசைக்கு மதலேனின் புருஷன் தொம்மையின் பாடு. அன்றைக்குப் பார்த்து அவனுக்கு விஷக்காய்ச்சல், எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பொழுது கிளம்பியது. சீட்டு வரிசையில் அடுத்திருந்த சிங்காரம் கழியை நட்டான். சட்டப்படி சரிதான். ஆனால் அந்தக் காலையில் சிங்காரத்தின் தோணி இறால் பாரத்தில் தாழ்ந்து வந்தபோது, மதலேனுக்கு வயிறு எரிந்தது. அவள் வீட்டில் அன்றைக்குக் கஞ்சித்தண்ணீர் மட்டும்தான். மகளுக்கு எட்டாம் மாதம். அன்று முழுக்கத் தெருவில் நின்று, வயசு பாராமல் குலம் பாராமல் சிங்காரத்தின் வீட்டையே தூற்றித் தீர்த்தாள்.

இந்த அமாவாசைக்கு முறை சிங்காரத்துடையது. முன்முறை பாடு தவறின வீடுதான் அடுத்த பாட்டுக்கு மாற்று என்பது வழக்கம், அதனால் சிங்காரம் வராவிட்டால் நடவேண்டியவன் தொம்மை.

சட்டம் அவனுக்கு உதவியது என்றால் எனக்கு உதவக்கூடாதா? இப்படித்தான் ஓடியது மதலேனின் புத்தி. ஒரே ஒரு விடியல் அவன் தாமதமாக வந்தால் போதும். அதற்கு வழியும் கையிலேயே இருந்தது. முகத்துவாரத்துக்குப் போகிற தோணிகள் கோட்டைக்கு எதிரே இருக்கும் நீர்க்காவலைத் தாண்டித்தான் போகவேண்டும். காவல் சேவகன் தசரதன் மதலேனிடம் தினம் மீன் வாங்குகிறவன். சந்தேகம் வந்தால் ஒரு தோணியை நிறுத்தி, விடிந்த பிறகு நாலு கேள்வி கேட்டு விட்டுவிடுவான். மாதத்தில் பத்துத் தோணியாவது அப்படி நிற்கும். அதனால் யாரும் செத்துப் போனதில்லை.

அமாவாசைக்கு முதல் நாள் மாலை, அவன் கையில் மீனைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "நாளைக்குக் கருக்கல்ல சிங்காரம் தோணி வரும். செத்த நேரம் நிறுத்தி வெயேன்."

"இன்னாத்துக்கு? அவன் சாது. எனக்கு வேற வேலை இல்லையா?" தசரதன் சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டான்.

அங்கேயே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பேரம் படியாவிட்டால் ஒரு சொல் கூட்டிப் பார்ப்பது மீன்காரியின் பழக்கம். "சாதுவா? போன வெள்ளிக்கிழமை விடியல்ல தெற்குக் கால்வாயில அவன் தோணியில ஒரு பரங்கி ஏறுனான். கையில கடுதாசிக் கட்டு. என் கண்ணால பார்த்தேன்."

தசரதன் சிரிப்பை நிறுத்தினான். "நெசமாவா?"

"மாதா மேல ஆணை" என்றாள் மதலேன்.

மறுநாள் எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. முகத்துவாரத்தில் சிங்காரத்தின் தோணியைக் காணோம். தொம்மை நல்லவன், கழியைக் கையில் பிடித்துக்கொண்டு, வருவான் வருவான் என்று வடக்கே பார்த்துக்கொண்டே நின்றான். சூரியன் விளிம்பு தெரிந்தது. குப்பத்து நாட்டாண்மை தருமலிங்கம்தான், "பொழுது கிளம்பிடுச்சி தொம்மை, நடு" என்றார். நட்டான். அன்றைக்கு ஓடின இறாலை வீட்டுக்குக் கொண்டுவர இரண்டு தோணி வேண்டியிருந்தது. "மாதா நம்மள மறக்கலடி" என்று சொல்லிச் சிரித்தான். மதலேனும் சிரித்தாள். மகளுக்கு வயிறாரச் சோறு போட்டாள். மனசு கொஞ்சம் உறுத்தியது, இல்லையென்று சொல்லமுடியாது. ஆனால் சோறு சூடாக இருந்தது.

மத்தியானம் ஆயிற்று. சிங்காரம் வீடு திரும்பவில்லை.

சாயங்காலம் அவள் கோட்டை வாசலுக்குப் போனபோது தசரதன் மீன் வாங்கவில்லை. அவளை மதிலோரமாகத் தள்ளிக்கொண்டு போனான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"போன வாரம் வெடிமருந்துக் கிடங்குக்குப் பக்கத்துல எவனோ நெருப்பு வெக்கப் பாத்திருக்கான். நமக்குத் தெரியாது, உள்ளயே மூடி வெச்சிட்டாங்க. நான் காலையில சிங்காரத்தை நிறுத்தி, கோட்டைத் துரைகிட்ட பரங்கி, கடுதாசின்னு வாயைத் தொறந்தேன். அவ்ளோதான்! அப்பவே வெலங்கு மாட்டி உள்ள இஸ்துகினு போய்ட்டாங்க."

"எப்ப விடுவாங்க?"

"விடறதாவது! வெளியில கப்பல் நிக்குது பாத்தியா? பத்தாவிக்குப் போவுது. இன்னும் மூணு நாள்ல பாய் தூக்கிடுவான். அதுல ஏத்திடுவாங்களாம்."

பத்தாவி என்ற பெயரைக் கேட்டாலே குப்பத்தில் குழந்தைகள் அழுகையை நிறுத்தும். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிற ஒல்லாந்தர் ஊர். அங்கே கப்பலேறிப் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து, அது எப்படி இருக்கும் என்று சொன்னதில்லை.

"நான் சொன்னேன்னு யார்கிட்டயும்..."

"பேரைக் கேட்டார் துரை. சொல்லிட்டேன். எழுதிக்கினாங்க. நீ ஆணை வெச்சதையும் சேத்துத்தான் எழுதினாங்க." தசரதன் அக்கம்பக்கம் பார்த்தான். "நல்லா கேட்டுக்கோ. அது பொய்னு மட்டும் இப்ப வந்து சொல்லிடாதே. நீ மாதாவைக் கும்பிடறவ. பரங்கிக்காரனைக் காப்பாத்த வந்துட்டான்னு உன்னையும் ஏத்திடுவாங்க, உன் புருஷனையும் ஏத்திடுவாங்க."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையெல்லாம் அவள் மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்போது தானே பிடித்த குரங்கு தன் மடியில் உட்கார்ந்திருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு மரச்சிலுவையின் முன்னால் மண்டியிட்டாள். வாயெடுத்தால் பொரிகிற மாதிரி செபம் சொல்லுகிறவளுக்கு அன்று முதல் வரியே வரவில்லை. மாதாவை எந்த முகத்தோடு கூப்பிடுவது? பொய்யை நிமிர்த்தி வைக்க அவளையே முட்டுக்கொடுத்தாயிற்று. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால்கூட, கோட்டைச் சேவகர்கள்தான் வருகிறார்கள் என்று அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

மறுநாள் காலையில் கதவைத் தட்டியவள் சிங்காரத்தின் மனைவி திரௌபதி. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. போன மாதம் தன் வீட்டைத் தெருவில் நின்று தூற்றினவள் இவள் என்பதெல்லாம் அவளுக்கு நினைவில் இல்லை. மதலேனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்களுக்கு அங்க யாரைத் தெரியும்? நீதான் கோட்டை வாசலுக்கு நித்தம் போறவ. எவனோ பாவி பொய் சொல்லியிருக்கான். நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்கக்கா. எம் புள்ளைங்க நைனா எங்க நைனா எங்கன்னு அழுவுதுங்க."

"எவனோ பாவி" என்ற சொல் மதலேனின் காதில் ஈயமாக இறங்கியது. "பாக்கலாம்மா, பாக்கலாம். இன்னிக்கி எனக்குத் தலைவலி, நாளைக்கு வரேன்" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டாள். அந்தத் தலைவலியும் பொய்தான்.

அன்று பகல் முழுக்க அவள் ஒரு வாக்கியத்தைச் செய்துகொண்டிருந்தாள். ஆமாம், செய்துகொண்டிருந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். வலையின் ஓட்டையை அடைக்கிறவர்கள்கூட அவ்வளவு கவனமாக முடிச்சுப் போடமாட்டார்கள். பொய் சொன்னேன் என்று சொன்னால் தன் தலை போகும். சொல்லாவிட்டால் அவன் தலை போகும். இரண்டு தலையும் தப்புகிற மாதிரி ஒரு சொல் வேண்டும். கடைசியில் கிடைத்தது. "நான் தோணியைப் பார்த்தேன், ஆனால் இருட்டில் ஆளைத் தப்பாக நினைத்துவிட்டேன்." ஆகா! எவ்வளவு அழகு! சிங்காரம் வெளியே வந்துவிடுவான், தனக்கும் ஒன்றும் ஆகாது. உபதேசியார் சொல்லை யோசித்துப் பேசச் சொன்னாரே, இதோ யோசித்தாயிற்று. இப்படித் தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள். பயம் இருக்கிற இடத்தில் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

மறுநாள் காலை இரண்டு பேரும் கிளம்பினார்கள். வழியெல்லாம் திரௌபதி அவளை வாழ்த்திக்கொண்டே வந்தாள். அகழிப் பாலத்தில் கால் வைத்தபோது மதலேன் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளியே கடலில் அந்தக் கப்பல் நின்றது. பாய்மரத்தில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

துரை ஒரு நீண்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சிவந்த கழுத்து, வெளிர்நீலக் கண். அவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. அதுவே மதலேனுக்கு இன்னும் பயமாக இருந்தது. பக்கத்தில் துபாஷி காஜா மைதீன் மரைக்காயர் நின்றார். ஊரில் பெரிய வியாபாரக் குடும்பம் அவருடையது. ஒல்லாந்தர் பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. குப்பத்து இறாலைக் காயவைத்துக் கப்பலேற்றுகிறவர்களும் அவர்கள்தான். அதனால் மதலேனின் முகம் அவருக்குத் தெரியும்.

"சொல்லும்மா" என்றார்.

அவள் சொன்னாள். மனப்பாடம் செய்தபடி ஒரு சொல் குறையாமல் சொன்னாள். இருட்டு, தோணி, ஆளைத் தப்பாக நினைத்தது எல்லாம். திரௌபதி திரும்பி அவளைப் பார்த்தாள். ஆளைத் தப்பாக நினைத்தது என்றால்? சொன்னது யார்? அவளுக்கு இன்னும் முழுசாக விளங்கவில்லை. புருவம் மட்டும் சுருங்கியது.

மரைக்காயர் மொழிபெயர்த்தார். துரை தலையை ஆட்டினார். இறகுப் பேனாவை மையில் தோய்த்தார். மதலேனுக்கு மூச்சு வந்தது. அப்பாடா!

துரை ஏதோ சொன்னார். மரைக்காயர் அதைத் தமிழில் சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது. "துரை சொல்றார்: ரொம்ப நல்லது. அப்ப தோணி நெசம், பரங்கி நெசம், கடுதாசியும் நெசம். ஆள்தான் வேற. சிங்காரம் இல்லைன்னா அது யார்? அந்த வெள்ளிக்கிழமை விடியல்ல உங்க குப்பத்துலேந்து தோணி எடுத்தவங்க எல்லார் பேரையும் சொல்லு. எல்லாரையும் இன்னிக்கே கொண்டாந்து விசாரிக்கணும். உண்மையைச் சொல்றவன் வீட்டுக்குப் போவான், மத்தவங்க கப்பலுக்குப் போவாங்க."

மதலேன் மேசையைப் பார்த்தாள். ஒரு வெள்ளைத் தாள். அதன்மேல் பேனா காத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தோணி எடுத்தவர்கள் யார் யார்? தருமலிங்கம் எடுத்தார். அவர் இரண்டு மகன்களும் எடுத்தார்கள். தொம்மை எடுத்தான். யார்தான் எடுக்கவில்லை? அவள் அவ்வளவு பாடுபட்டு முடைந்த வாக்கியம் சிங்காரத்தை விட்டுவிட்டுக் குப்பத்தையே வாரிக்கொண்டு வருகிறது. இல்லாத பரங்கிக்கு ஒரு தோணிக்காரன் வேண்டும். யாரையாவது அந்தத் தோணியில் ஏற்றாமல் இந்தப் பேனா கீழே இறங்காது.

ஓடிவிடலாமா என்று ஒரு கணம் கால் துடித்தது. மயக்கம் வந்ததாக விழுந்துவிடலாமா? அதையும் நினைத்தாள். பத்தாவிக் கப்பலின் அடித்தட்டில், இருட்டில், தான் கிடப்பது அவளுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. மகளுக்கு அடுத்த மாதம் பேறுகாலம். ஆண்டவரே, ஆண்டவரே என்று உள்ளே ஒரு குரல் மட்டும் அலறியது.

"யாரும் இல்ல" என்றாள்.

"இன்னாது?"

"தோணி இல்ல மரைக்காரே. பரங்கி இல்ல. கடுதாசி இல்ல. நான் ஒண்ணியும் பாக்கல. அன்னிக்கி சொன்னது பொய். இப்ப சொன்னதும் பொய்."

மரைக்காயர் மொழிபெயர்க்கவில்லை. பக்கத்தில் திரௌபதிக்கு எல்லாம் விளங்கியிருக்கும் என்று மதலேனுக்குத் தெரியும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இந்த வாய் மறுபடியும் எதையாவது கூட்டிச் சொல்லிவிடும் என்று பயந்தாள்.

"யோசிச்சிதான் பேசறியா?" என்று மரைக்காயர் மெதுவாகக் கேட்டார். "நான் இதை அவர்கிட்ட சொல்லிட்டா அப்பால திருப்பி வாங்க முடியாது."

"சொல்லுங்க."

சொன்னார். துரையின் கண் சுருங்கியது. மேசை மேலிருந்த கனத்த வேதப்புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். அதன்மேல் கை வைத்துச் சொல்லவேண்டும் என்றார்.

"வேணாம் துரை" என்றாள் மதலேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அன்னிக்கி ஆணை வெச்சித்தான் பொய் சொன்னேன். நெசத்துக்கு ஆணை கேக்காதீங்க. அது நெசம்ங்கிறதுக்காக மட்டும் எடுத்துக்குங்க."

துரை நாற்காலியில் சாய்ந்தார். இரண்டு தடவை பொய் சொன்ன வாய் மூன்றாவது தடவை உண்மை சொல்கிறது என்று எப்படி நம்புவது? மாதாவைக் கும்பிடுகிறவள் பரங்கியின் ஆளைத் தப்பவைக்க வந்திருக்கலாம் இல்லையா? இரண்டு பேரையும் ஏற்றிவிட்டால் கோட்டைக்குச் சந்தேகம் மிச்சம் இருக்காது. மரைக்காயர் இதை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். நியாயமான கேள்விதான், இல்லையா? வாழ்நாளெல்லாம் வாரி இறைத்த சொற்களில் ஒன்றுகூட இப்போது செல்லவில்லை. உண்மையைச் சொல்லியும் சாகலாம் என்பது அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

"ஏன் பொய் சொன்ன?" என்று கேட்டார் மரைக்காயர். இதைத் துரை கேட்கவில்லை, அவரே கேட்டார்.

"பாட்டுக்காக."

"இன்னா பாடு?"

"அமாவாசைப் பாடு. முகத்துவாரத்துல. அவன் மொறை. பொழுது கிளம்பறதுக்குள்ள வரலைன்னா எங்களுக்கு வரும். ஒரு விடியல் நிறுத்தி வெச்சா போதும்னு நெனச்சேன். வெலங்கு போடுவாங்கன்னு நெனைக்கல."

மரைக்காயரின் கை தாடிக்குப் போனது. "அன்னிக்கி முகத்துவாரத்துல கழி நட்டது யாரு?"

"எம் புருஷன். அவருக்கு இது தெரியாது. நாட்டாண்மை சொன்ன அப்பால்தான் நட்டாரு."

அந்த அமாவாசை மத்தியானம் இரண்டு தோணி இறாலும் மரைக்காயர் வீட்டுக் களத்துக்குத்தான் காயவைக்கப் போயிருந்தது. தொம்மையின் பாட்டு இறால் என்று அவருக்கும் தெரியும். அவர் துரையின் பக்கம் திரும்பி வெகுநேரம் பேசினார். சூரியனைக் காட்டினார், கழி நடுகிற மாதிரிக் கையைக் குத்திக் காட்டினார், விரலை மடக்கி ஆறு மாதத்தை எண்ணிக் காட்டினார். துரைக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும் அவர் முகத்தில் வந்தது கோபமா அருவருப்பா என்று சொல்லமுடியவில்லை. நாலு கூடை இறாலுக்காக ஒரு மனிதனைக் கப்பலேற்றப் பார்த்தாயா என்று அவர் கேட்கவில்லை.

முன்பு எழுதிய தாளை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பொய்ச்சாட்சிக்கு உள்ளங்கையில் பன்னிரண்டு பிரம்படி என்றார். இனிமேல் கோட்டை வாசலுக்கு இவள் கூடை வரக்கூடாது என்றார். அவ்வளவுதான்.

முற்றத்தில் வைத்து அடித்தார்கள். ஆறாவது அடியிலேயே தோல் கிழிந்துவிட்டது. மதலேன் கத்தினாள், அழுதாள். ஆனால் உள்ளே, உயிரோடு இருக்கிறேன், கரையில் இருக்கிறேன் என்று ஒரு நிம்மதியும் ஓடியது. திரௌபதி மதிலோரமாக நின்று பன்னிரண்டையும் பார்த்தாள்.

பிறகு பக்கத்துக் கதவைத் திறந்து சிங்காரத்தை வெளியே விட்டார்கள். மூன்றே நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது, விலங்கு இருந்த இடத்தில் கால் வீங்கியிருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே வந்தவன் மனைவியைப் பார்த்தான். அவள் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மூவரும் பாலத்தைத் தாண்டி வந்தார்கள். கரைக்கு வந்த பிறகுதான் சிங்காரம் மதலேனின் கைகளைக் கவனித்தான்.

"இன்னாக்கா இது? கையெல்லாம் ரத்தம்! யார் அடிச்சாங்க?" மனைவியைப் பார்த்தான். "எப்படி என்னை உட்டாங்க?"

திரௌபதி மதலேனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மதலேன் சாகும்வரை மறக்கமாட்டாள். அதில் கொதிப்பு இருந்தது. அதோடு, இவன் அண்ணன் தம்பிகளுக்குத் தெரிந்தால் தொம்மையின் வீடு எரியும், வயிற்றுப்பிள்ளைக்காரி உள்ளே இருக்கிறாள் என்கிற கணக்கும் இருந்தது. திரௌபதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இவ வந்து சொன்னா. அதான் உட்டாங்க" என்றாள்.

"எனக்காக அடி வாங்கினியாக்கா?" என்று கேட்டான் சிங்காரம். அந்த இடத்திலேயே குனிந்து மதலேனின் காலைத் தொடப் போனான்.

திரௌபதி சொன்னதில் பொய் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. மதலேன் வாயை மூடிக்கொண்டால் போதும். குப்பத்தில் அவளை அம்மன் மாதிரி வைத்துக் கும்பிடுவார்கள். கோட்டையில் பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது இப்போது. அங்கே எதிரே இருந்தது ஊர் பேர் தெரியாத துரை. இங்கே அடுத்த வீட்டுக்காரன், கண்ணில் தண்ணீரோடு குனிகிறான். அவள் இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள்.

"என் காலைத் தொடாதே சிங்காரம். உன்னைப் புடிச்சிக் குடுத்தவளே நான்தான்."

அவன் குனிந்த வாக்கிலேயே நின்றான்.

"நீ பரங்கியை ஏத்தினேன்னு தசரதன்கிட்ட நான்தான் பொய் சொன்னேன். உன் பாடு எங்களுக்கு வரணும்னு. தொம்மைக்குத் தெரியாது. அடி வாங்கினது அதுக்குத்தான், உனக்காக இல்ல." இதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாமல் நிறுத்திக்கொண்டாள். மன்னித்துவிடு என்று கேட்கக்கூட அவளுக்குத் துணிவு இல்லை. அடிப்பான், அடிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தாள். சிங்காரம் நிமிர்ந்து நின்றிருந்தான். கோபமாகத் தெரியவில்லை. ஏதோ கணக்குப் புரியாதவன் மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன அமாவாசைக்கு நான் கழி நட்டேனே, அன்னிக்கி சாயங்காலம் பாதி இறாலை எடுத்துக்கினு உங்க வூட்டுக்கு வந்தேன். தெருவில நின்னு எங்க ஆத்தாவை எல்லாம் பேசிக்கினு இருந்த. எனக்குப் பயமா இருந்திச்சி, திரும்பிட்டேன்." அவன் வீங்கின காலை மாற்றி ஊன்றிக்கொண்டான். "இந்தப் பாட்டைத் தொம்மைக்கே உட்டுடலாம்னு அங்க வெச்சி அவன்கிட்ட சொல்லத்தான் கருக்கல்ல தோணி எடுத்தேன், பொண்ணு மாசமா இருக்காளேன்னு. நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனேக்கா."

திரௌபதி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் நொண்டிக்கொண்டே அவளோடு குப்பத்தைப் பார்த்து நடந்தான். மதலேன் அங்கேயே நின்றாள். வீட்டில் தொம்மை இருந்தான், அவனிடமும் போய்ச் சொல்லவேண்டும்.